மாமாவின் கண்ணும் கப்பலின் எட்டு சிலிண்டரும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று க்ளினிக்கில் ஒருவர் என் விரலைக் கடித்துவிட்டார். வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர் போலத்தான் இருந்தார். ஆள்காட்டி விரலில் நாலு பல் தடம். அதில் இரண்டு நானே கட்டிக் கொடுத்த பல்.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு பிரச்சினை. இவள், என் மனைவி, லீவு போட்டுவிட்டு மாமாவைக் கண் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் ரொம்ப முற்றிவிட்டதாம். இந்த மாதம் தாண்டினால் ஆபரேஷன் செய்தாலும் பார்வை திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டார். 27-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. நாள் குறித்தாயிற்று.

மாமா, அதாவது என் மாமனார், வயது எண்பத்தொன்று. முப்பத்தாறு வருஷம் தீயணைப்பு அதிகாரியாக இருந்தவர். எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"வரேன். ஆனா என் கார்லதான் வருவேன்."

அவர் கார் என்றால் கப்பல். மூடிப்போன ஒரு ஹோட்டலின் ஏலத்தில் எடுத்தது. விருந்தாளிகளை ஏற்றி இறக்க ஹோட்டல்காரர்கள் வைத்திருந்த வண்டி. எட்டு சிலிண்டர், தோல் சீட்டு, மரம் பதித்த டாஷ்போர்டு, பின்சீட்டில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். எல்லாம் சரிதான். இரண்டு வருஷமாக ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. ஓடாது.

டாக்ஸியா, மாட்டார். என் காரா, அது சோப்பு டப்பாவாம். ஆம்புலன்ஸ் என்று வாய் தவறிச் சொன்னதற்கு அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒற்றைக் காலில் நிற்கிறார்.

மார்ச் 5, வியாழன்

வாசலில் கடைசிப் படி இருப்பது தெரியாமல் காலை வைத்து மாமா விழுந்துவிட்டார். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. "படியை யாரு நகத்தினது?" என்று கோபமாகக் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். இவள் சிரிக்கவில்லை. மருந்து போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய் ரொம்ப நேரம் நின்றாள்.

அவளுக்குக் கவலை அப்பாவின் கண். எனக்கு ஒரு கார். இன்னும் இருபத்திரண்டு நாள்.

மார்ச் 7, சனி

தார்ப்பாயை எடுத்தோம். எடுத்திருக்க வேண்டாம். டயர் நாலும் தரையோடு தரை. பேட்டரி செத்துப் பல நாள் ஆகியிருக்கும். பானெட்டைத் திறந்தால் எலி ஒரு குடும்பமே நடத்தியிருக்கிறது. பிளக்குக்குப் போகிற எட்டு ஒயரையும் கொறித்துவைத்திருக்கிறது. ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒரு எலிக்கு எவ்வளவுதான் பசிக்கும்?

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். எப்போது கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்பார். வரமாட்டார். வீட்டில் அவருக்குப் பெயரே ‘இதோ’ என்று ஆகிவிட்டது. ஆனால் இந்த ஊரில் கப்பலைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் அவர்தான், வேறு வழியில்லை.

இன்றும் "இதோ வந்துட்டேன் டாக்டர்" என்றார்.

மார்ச் 9, திங்கள்

வரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

நானே ஒரு குறுக்கு வழி பார்த்தேன். என்னிடம் பல் கட்டிக்கொண்ட ஒருவரிடம் பெரிய கார் ஒன்று இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்கி வாசலில் நிறுத்தி, "மாமா, கப்பல் ரெடி, ஒரு ரவுண்டு போலாமா" என்றேன். மாமா வந்தார். கதவுக் கைப்பிடியில் கையை வைத்தார். ஏறக்கூட இல்லை.

"இது யாரு வண்டி?" என்றார்.

திரும்பி உள்ளே போய்விட்டார். மூன்று நாளைக்கு என்னிடம் பேசமாட்டார் என்று இவள் சொல்கிறாள். எனக்கு இது தேவையா?

மார்ச் 12, வியாழன்

இதோ வந்துவிட்டார். நிஜமாகவே. க்ளினிக்கை மதியத்தோடு மூடிவிட்டு ஓடிவந்தேன்.

பழைய ஒயரைக் கழற்றும் முன் எது எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எட்டு ஒயரும் டிஸ்ட்ரிபியூட்டர் என்கிற ஒரு வட்ட மூடியில் வந்து சேர்கின்றன. அந்த மூடியிலிருந்துதான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி நெருப்புப் பொறி போகும். வரிசை தப்பினால் வண்டி வண்டியாக இருக்காது. இந்த மூடியைக் கொண்டுபோய் இன்ஜினுக்குப் பின்னால், முன்கண்ணாடிக்கு அடியில் ஒரு பொந்தில் வைத்திருக்கிறான் இதைச் செய்த மகராசன். தலையை எப்படிச் சாய்த்தாலும் தெரியாது. இதோ கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்ஜினை இறக்கணும் டாக்டர்" என்றார். இறக்கினால் மூன்று மாதம்.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. க்ளினிக்கிலிருந்து பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் கொண்டுவந்தேன். கம்பியின் நுனியில் நாணயம் அளவு கண்ணாடி. கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் பார்க்கிறவனுக்கு இது எம்மாத்திரம்? கண்ணாடியைப் பின்னால் விட்டு மூடியைப் பார்த்து, வட்டத்தில் அடுத்தடுத்து எந்த ஒயர் எந்தச் சிலிண்டருக்கு என்று நான் சொல்லச் சொல்ல, இதோ ஒரு அட்டையில் வட்டம் போட்டு எழுதிக்கொண்டார்.

"டாக்டர், நீங்க நம்ம தொழிலுக்கு வந்திருக்கலாம்" என்றார். பொய் சொல்வானேன், உச்சி குளிர்ந்துவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

புது ஒயர், புது பேட்டரி, நாலு டயரிலும் காற்று. அட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டினோம். மாமாவுக்கு ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். இவள்கூட வந்து நின்றாள். சாவியைத் திருப்பினேன்.

டமார்.

பின்னால் புகைக்குழாயில் ஒன்று, முன்னால் ஒன்று. எதிர்வீட்டு அம்மாள் கையிலிருந்த துணிக்கூடையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். மாமா மட்டும் நாற்காலியில் அசையவில்லை. முகத்தில் ஒரு நிம்மதி மாதிரிகூட இருந்தது. வெடிச் சத்தம் அவருக்குப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று தடவை அட்டையோடு சரிபார்த்தோம். அட்டையில் இருப்பது போலவே மாட்டியிருக்கிறோம். மூன்று தடவையும் டமார்.

மார்ச் 16, திங்கள்

இதோவுக்கும் எனக்கும் சண்டை. நான் தப்பாகப் பார்த்துச் சொன்னேன் என்கிறார். முப்பது வருஷமா கண்ணாடியிலேயே பாத்து வேலை செய்யறவன்யா நான், எனக்கா பாக்கத் தெரியாது என்றேன். அப்ப எனக்கு எழுதத் தெரியாதுங்கறீங்களா என்றார். எழுதத் தெரியும், எழுதறது என்னன்னு தெரியாது என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஸ்பானரை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மனுஷன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எனக்கும்தான்.

பதினொரு நாள் இருக்கிறது.

மார்ச் 18, புதன்

இவள் குடிநீர் வாரியத்தில் புகார் மேசையில் பதினெட்டு வருஷமாக இருக்கிறாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்துகிறவரையும், விட்டாயிற்றே என்று கத்துகிற வால்வுக்காரரையும் ஒரே நேரத்தில் சமாளிக்கிறவள். இன்று இதோவை அவளே போன் செய்து வரவழைத்தாள். அவள் கூப்பிட்டால் மட்டும் பத்து நிமிஷத்தில் வருகிறார்.

எங்கள் இரண்டு பேரையும் காருக்கு இரண்டு பக்கமும் நிற்கவைத்தாள். யார் சரி என்று அவள் கேட்கவே இல்லை. அன்றைக்கு என்ன செய்தீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றாள். முதலில் நான். கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாக மாறித் தெரியும், கடிகார முள் சுற்றுகிற திசை எதிர்த்திசையாகத் தெரியும், அது எனக்குப் பழக்கம், அதனால் மனசுக்குள்ளேயே திருப்பி நேராக்கித்தான் சொன்னேன் என்றேன்.

இதோ பக்கம் திரும்பினாள். இதோவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"டாக்டர் கண்ணாடியில பாத்துச் சொல்றாரே, திருப்பி எழுதணும்னு நான் திருப்பி எழுதினேம்மா" என்றார்.

நான் ஒரு தடவை திருப்பினேன், அவர் ஒரு தடவை திருப்பினார். இரண்டு பேரும் புத்திசாலி. ஒருத்தராவது மக்காக இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே வண்டி ஓடியிருக்கும் என்றாள் இவள். சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விட்டாள்.

மார்ச் 19, வியாழன்

கிளம்பிவிட்டது! எட்டு ஒயரையும் எதிர்த்திசையில் மாற்றி மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ஒரு இருமல், ஒரு தும்மல், அப்புறம் அந்தச் சத்தம். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஓடுகிற இன்ஜின் மேல் காபி டம்ளரை வைத்தேன், ததும்பவில்லை. நானும் இதோவும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். என் சட்டை போச்சு.

மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். குதிப்பார் என்று பார்த்தால், பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ஓடுதா, என்று கேட்டார். ஓடுது மாமா என்றேன். "பிரேக் பாத்தீங்களா?" என்றார்.

சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது போல என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

பிரேக் பார்த்தாயிற்று. சரி. ஹாரன் சுருதி குறைகிறது என்றார். ஹாரனைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். பின் ஜன்னல் ஏறும்போது தயங்குகிறது என்றார். தயக்கத்தைப் போக்கினோம். டாஷ்போர்டில் கடிகாரம் ஓடாமல் எப்படிப் போவது என்று இன்று காலை கேட்டார்.

"மாமா, நீங்க அதைப் பாக்கப் போறதே இல்ல" என்று சொல்லிவிட்டேன். இவள் முறைத்த முறைப்பில் அடுத்த நிமிஷமே கடிகாரத்தைக் கழற்ற உட்கார்ந்துவிட்டேன்.

மாமா சரியாகச் சாப்பிடுவதில்லை. பல் செட் உறுத்துகிறதா என்று கேட்டேன். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார்.

மார்ச் 25, புதன்

கிளம்பவில்லை. நேற்று வரை வெண்ணெய் போல ஓடிய வண்டி. சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவே மாட்டேன் என்கிறது. பெட்ரோல் இருக்கிறது. ஒயர் எட்டும் இருக்கிறது. பொறி மட்டும் எந்தப் பிளக்குக்கும் வரவில்லை. இதோவும் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டார். எலி மறுபடி வந்துவிட்டதோ என்று ஆள் ஆளுக்கு டார்ச் அடித்துத் தேடினோம்.

மாமாவிடம் போய் வண்டி படுத்துவிட்டது என்றேன். "சரி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். எவ்வளவு சாந்தமாக! நான் இங்கே உயிரை விடறேன், இவர் என்னடான்னா...

மார்ச் 26, வியாழன்

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் இதோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். "டாக்டர், ரோட்டர் இல்ல" என்றார். ரோட்டர் என்பது மூடிக்குள்ளே சுற்றுகிற கட்டைவிரல் அளவுத் துண்டு. அது இல்லாவிட்டால் எட்டு சிலிண்டருக்கும் பட்டினி. அதுவாகக் கழன்று விழாது, யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றார். பூட்டிய ஷெட்டில் யார் எடுப்பார்கள்?

க்ளினிக் கிளம்பும் முன், மாமா ஏன் சாப்பிடவில்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்ததால், அவர் பல் செட்டை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அவர் அறைக்குப் போனேன். மாமா கூடத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். மேஜை மேல் பல் செட் டப்பா. நான் கொடுத்த டப்பாதான். திறந்தேன். கீழ்ப்பல் செட்டுக்குப் பக்கத்தில், சுத்தமாகத் துடைத்து, ரோட்டர்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நாங்கள் இரண்டு பேர், கண்ணாடியும் கையுமாக, அந்தப் பொந்தைப் பார்க்கவே பட்ட பாடு! இவர் கண் தெரியாமல், தனியாக, தடவியே எடுத்திருக்கிறார். டப்பாவைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். விரலால் தொட்டுப் பார்த்தார். ரேடியோவை அணைத்தார்.

"பயமா இருக்கு மாப்பிள்ளை" என்றார்.

அவரே சொன்னார். வண்டி எந்தக் காலத்திலும் ஓடாது என்ற தைரியத்தில்தான் அந்த நிபந்தனையைப் போட்டாராம். "நெருப்புன்னா எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தெரியும், ஓடலாம். இதுல கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு அசையாம படுக்கணும்ங்கறாங்க. என்னால முடியாது. அவகிட்ட எப்படிச் சொல்றது?"

முப்பது வருஷமா பயந்தவங்க முகத்துல முழிக்கறதுதான் என் பிழைப்பு. நாற்காலியில உக்கார்றதுக்கு முன்னாடியே யாருக்கு எவ்வளவு பயம்னு சொல்லிடுவேன்னு பெருமை வேற. இருபத்துமூணு நாளா தினமும் மூணு வேளை எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்ட மனுஷன். எனக்குத் தெரியல. கடிகாரத்தைக் கழட்டிக்கிட்டு இருந்தேன். ரொம்ப வெட்கமாக இருந்தது.

க்ளினிக்கில் பயப்படுகிறவர்களிடம் என்ன சொல்வேனோ அதையே சொன்னேன். இடது கையைத் தூக்குங்கள். தூக்கினால் நிறுத்திவிடுவேன். ஏன் என்று கேட்கமாட்டேன். நீங்கள் சொன்னால்தான் மறுபடி தொடங்குவேன்.

"கண் டாக்டர் நிறுத்துவாங்களா?" என்றார்.

"அவங்களைப் பத்தி நான் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி போற வரைக்கும் நீங்க கை தூக்கினா என் கார் நிக்கும்."

"உங்க காரா? அது என் கார்" என்றார். சரி, ஆள் பாதி தேறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ரோட்டரை அவரே மாட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதோ வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இவளிடம் ஏதோ தூசி அடைத்திருந்தது என்று சொல்லி வைத்தேன். "அப்படியா?" என்றாள். புகார் மேசைக்காரியின் அப்படியா எனக்குத் தெரியும். மேற்கொண்டு அவள் கேட்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

இருபது நிமிஷத் தூரம். எட்டு மணிக்கே கிளம்பினோம். மாமாவும் இவளும் பின்சீட்டில்.

தெருக்கோடியிலேயே முதல் கை. நிறுத்தினேன். இரண்டு நிமிஷம். "ம்" என்றார், எடுத்தேன். கடைத்தெருவில் இரண்டாவது கை. மூன்றாவது கை நட்டநடு ரவுண்டானாவில். அங்கேயும் நிறுத்தினேன். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே. பின்னால் நாற்பது வண்டி ஹாரன் அடிக்கிறது. போக்குவரத்துக் காவலர் கோபமாக வந்தார். வந்தவர் கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எத்தனை சிலிண்டர் சார்?" என்று கேட்டார். மாமாவே பதில் சொன்னார். ஏலக் கதையையும் சொன்னார். காவலர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஹாரன் பாட்டுக்கு ஹாரன்.

நாலாவது கை ஆஸ்பத்திரி வாசலில். அது இறங்கவே இல்லை. பத்து நிமிஷம் பார்த்தேன். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டேன்.

"ஏன் அணைச்சீங்க? திரும்பக் கிளம்பலைன்னா?" என்றார்.

"கிளம்பலைன்னா இங்கயே இருப்போம் மாமா. எங்களுக்கு வேற வேலை இல்ல."

இவள் அப்பாவின் தூக்கிய கையைப் பிடித்து மெல்ல இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மாமாவே கதவைத் திறந்து இறங்கினார்.

உள்ளே இருபது நிமிஷம். கண்ணில் கட்டோடு வெளியே வந்தார். எப்படி மாமா என்று கேட்டேன். "நீங்க பல்லு பிடுங்கறது இதைவிட மோசம்" என்றார்.

கப்பல் ஒரே திருப்பில் கிளம்பியது.

மார்ச் 28, சனி

கட்டைப் பிரித்தார்கள். முதலில் மகளை ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்து என்னைப் பார்த்து, "இவ்வளவு நரைச்சுடுச்சா உங்களுக்கு?" என்றார். அடுத்து வாசலுக்கு வந்து கப்பலைப் பார்த்தார். பெயின்ட் உரிந்த கூரை, துரு ஏறிய கதவு, கயிறு போட்டுக் கட்டிய பம்பர்.

"இதுலயா என்னைக் கூட்டிட்டுப் போனீங்க?" என்று என்மேல் பாய்ந்தார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

தினமும் ஒரு குறை கண்டுபிடிக்கிறார். இப்போது கண் வேறு தெரிகிறதே. இதோ எங்கள் வீட்டுப் போன் நம்பரைப் பார்த்தாலே எடுப்பதில்லை என்று கேள்வி.

மே 12, செவ்வாய்

இன்று வலது கண். இந்த நாளை மாமாவே போன் செய்து குறித்துக்கொண்டார்.

காலை எட்டரைக்குச் சாவியைத் திருப்பினால் கப்பல் கிளம்பவில்லை. அவ்வளவுதான், அடுத்த மாசம், அதற்கடுத்த மாசம் என்று போகப்போகிறது என்று நினைத்தேன். என்னை அறியாமல் மாமா பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். "நான் தொடலை" என்றார். இந்தத் தடவை பெட்ரோல் பம்ப். நிஜ ரிப்பேர்.

கைக்கடிகாரத்தை அவரே பார்த்தார். மகளிடம் திரும்பி, "டாக்ஸி சொல்லும்மா, நேரமாச்சு" என்றார்.

நானும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் வரவேண்டாம், வண்டியைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். டாக்ஸி தெருக்கோடியில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை, முனை திரும்பி மறைந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதான், பட்டேன். கூடவே, விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்றும் இருந்தது. க்ளினிக்குக்கு லீவு போட்டதுதான் மிச்சம். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன்.

பதினொன்றரைக்குப் போன். மாமாதான்.

"முடிஞ்சுது. வண்டி என்ன ஆச்சு?"

"இன்னும் கிளம்பலை மாமா. சாயங்காலத்துக்குள்ள எப்படியாவது..."

"அவசரம் ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை, நிதானமாப் பாருங்க" என்றார். "மூணாவது கண்ணு எனக்கு இல்ல."